எடையின் மையம் எங்கே?

கனரக இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றி அனுப்பும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை டன்?" என்பதைத்தான். அது தெரியாமல் வேலை நடக்காது. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த எடையின் மையம் எங்கே இருக்கிறது?

டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சீரான பெட்டிபோல இருக்கும். ஆனால் பெட்டியின் நடுவும் எடையின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காகத்தான் ஈர்ப்பு மையக் குறியை அதன் பக்கத்தில் தீட்டி அனுப்புகிறார்கள். அந்தக் குறியைத் தேடாமல் கண்மதிப்பில் ஏற்ற நான் விடுவதில்லை. பல ஆக்சில்கள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லரில் இது இன்னும் முக்கியம். தளத்தைத் தாங்கும் அதன் ஹைட்ராலிக் சிலிண்டர்களை மூன்று தொகுதிகளாக இணைத்தால், தளம் எத்தனை அகலமாக இருந்தாலும் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின்மேல்தான். சாலை ஒருபக்கமாகச் சரியும் இடத்தில், பாரம் உயரமாக இருக்க இருக்க, மையம் அந்த முக்கோணத்தின் ஓரத்தை நோக்கி நகரும். ஓரத்தைத் தாண்டினால் கவிழ்ந்துவிடும்.

"இவ்வளவு எடை, எங்கே நகர்ந்துவிடப் போகிறது?" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எடை கூடினால் உராய்வு கூடும். பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் பாரத்தைத் தள்ளும் விசையும் அதே விகிதத்தில் கூடும். பாரத்தின் எடையில் முன்னோக்கி 80 சதவீதத்துக்கும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதத்துக்கும் ஈடான விசையை உராய்வும் முட்டும் கட்டும் சேர்ந்து தாங்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரவிதி. 100 டன் பாரத்துக்கு முன்னோக்கி 80 டன்! சங்கிலி சாயும் கோணமும் கணக்கில் உண்டு. தளத்திலிருந்து 60 டிகிரி நிமிர்ந்து நிற்கும் சங்கிலி, கிடைமட்டமாக இழுத்துப் பிடிப்பதில் அதன் வலிமையில் பாதிதான் பயன்படும்.

ஒருமுறை இரவில் ஓர் இயந்திரத்தைக் கட்டி முடித்தோம். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் அளவுக்குச் சங்கிலிகள் விறைப்பாக இருந்தன. புறப்பட்டு அரை மணி நேரத்தில் நிறுத்தி, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். பின்பக்கச் சங்கிலி ஒன்று கையால் ஆட்டினாலே ஆடியது. அடியில் வைத்த மரக்கட்டை எடையில் நசுங்கி இறங்கியிருந்தது. பக்கத்தில் தளத்தின் பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்கு உரிந்து இரும்பு பளபளத்தது. பாரம் நகரத் தொடங்கிவிட்டது!

அன்றிலிருந்து, உலோகத்தின்மேல் உலோகம் நேராக உட்கார எங்கள் வண்டிகளில் இடமில்லை. இடையில் ரப்பர் விரிப்பு போட்டே ஆக வேண்டும். புறப்பட்ட முதல் சில கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், மோசமான சாலையைக் கடந்த ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி எல்லாச் சங்கிலிகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏன் இந்தத் தாமதம் என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொல்லியிருக்கிறேன்.