காபிக் கறையும் ஸ்கெட்ச் புக்கும்

வாசகி ஒருவரின் கேள்வி இது. விடுமுறை நாளில் போகும் இடங்களை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் வரைந்து வருகிறாராம். சந்தை, ரயில்வே ஸ்டேஷன், கோயில் குளம், சாப்பிட்ட டிபன் வரை. "சாந்தோம் பக்கம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து வானத்துக்கு நீலம் பூசினேன். ஈரமாக இருக்கும்போது ஒரே சீராக இருந்தது. காய்ந்த பிறகு ஓரம் முழுக்கக் கருநீலத்தில் கோடு, நடுவில் வெளிறல். போதாததற்கு இடையில் காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு. மே மாதம் மதுரையில் இதே கலரை இதே நோட்டில் பூசினால் திட்டு இல்லை, ஆனால் வானம் முழுக்க வரிவரியாகக் காய்ந்தது. கலர் பெட்டியை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். அந்தக் கோட்டைப் போட்டது காற்று. எப்படி என்று பார்ப்போம்.

வாட்டர் கலர் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நீரில் கரையாத நிறமித் துகள்கள், அவற்றைக் காகிதத்தில் ஒட்டவைக்க அரபுப் பிசின் (சூடான் நாட்டு வேல மரங்களிலிருந்து வருவதுதான் பெரும்பங்கு), பெட்டியில் வெடித்து உதிராமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரினோ தேனோ. பிரஷ்ஷால் நீர் விட்டால் பிசின் கரையும், துகள்கள் மிதக்கும். நீர் போனதும் பிசின் இறுகும். காகிதமும் அப்படித்தான்: செல்லுலோஸ் நார்களின் வலைக்கு ஜெலட்டின் போன்ற ஒரு பசை பூசியிருப்பார்கள். பசை இல்லாவிட்டால் அது மை ஒற்றும் தாள். நல்ல ஸ்கெட்ச் புக்கில் பூசிய நீர் உடனே உள்ளே இறங்காமல் சில நிமிடம் மேலேயே பளபளவென்று நிற்பது இந்தப் பசையால்தான். நம் கதை நடப்பது அந்தச் சில நிமிடங்களில்.

அதற்கு முன் அடுக்களைக்குப் போய்விட்டு வாருங்கள். டிகாக்‌ஷனில் கொஞ்சம் நீர் கலந்து, வெள்ளை டைல்ஸ் மேல் ஒரு சொட்டு விடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு விட்டுவிடுங்கள். காய்ந்ததும் பழுப்பு வட்டத்தின் விளிம்பு மட்டும் அடர்த்தியாக, வளையல் மாதிரி இருக்கும். நடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. சொட்டாக இருந்தபோது காபி எல்லா இடத்திலும் சமமாகத்தானே இருந்தது? இத்தனை தூளும் எப்படி ஓரத்துக்குப் போனது?

உலகம் முழுக்க மேசை துடைத்தவர்கள் எல்லாம் பார்த்த விஷயம். ஆனால் சரியான விளக்கம் வந்தது 1997-இல்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் உள்ளிட்ட அறுவர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் சொன்னதற்கு இரண்டே விஷயம் போதும்.

முதலாவது, சொட்டின் விளிம்பு நகராது. டைல்ஸோ காகிதமோ, எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடு பள்ளம்தான். விளிம்பு அந்த மேடுகளில் சிக்கிக்கொள்கிறது. அங்கே வந்து சேரும் முதல் சில துகள்கள் அதை இன்னும் இறுகப் பிடித்துவைக்கின்றன. ஆகவே சொட்டு காயும்போது அதன் அகலம் குறைவதில்லை. உயரம்தான் குறைகிறது, தட்டையாகிறது.

இரண்டாவது, விளிம்பில் ஆவியாதல் அதிகம். வரிசை வீடுகளில் நடு வீட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் காற்று, மூலை வீட்டுக்குப் பக்கவாட்டிலும் ஜன்னல் வைக்கலாம் இல்லையா, அதே கணக்கு. சொட்டின் நடுவில் இருந்து கிளம்பும் நீர் மூலக்கூறுக்கு நாலாபக்கமும் வேறு மூலக்கூறுகள், மேலே போக மட்டுமே வழி. விளிம்பில் இருப்பதற்குப் பக்கவாட்டில் காலியான காற்று கிடக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விளிம்பில்தான் நீர் வேகமாகப் போகிறது. ஆனால் விளிம்பு பின்வாங்கக் கூடாது. அப்படியென்றால் அங்கே போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வந்தே ஆக வேண்டும். வருகிறது. சொட்டுக்குள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓர் ஓட்டம் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால் அசையாத நீர்போல இருக்கும். உள்ளே ஒவ்வொரு துகளும் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நீர் அங்கே போய் ஆவியாகிவிடும், துகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கேயே தங்கிவிடும்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதன் கடைசிக் கட்டம். சொட்டு மெலிய மெலிய, நீர் போகும் வழி குறுகுகிறது. ஆனால் ஓரத்தில் இழப்பு குறைவதில்லை. ஆகவே ஓட்டம் வேகம் பிடிக்கிறது, காயப்போகும் கடைசி நேரத்தில் பாய்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு 2011-இல் இதை நுண்ணோக்கியில் பார்த்தது. ஆரம்பத்தில் நிதானமாக வந்த துகள்கள் அணிவகுத்தாற்போல, படிகம் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கடைசியில் ஓடிவந்தவை கன்னாபின்னாவென்று குவிந்து கிடந்தன. அவர்கள் வைத்த பெயரே 'ரஷ் ஹவர்'. ஒரு கறையின் விளிம்பில் எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்ற வரிசைகூடப் பதிவாகியிருக்கிறது!

உங்கள் வானத்திலும் இதேதான். பூசிய நீலம் ஒரு பெரிய, தட்டையான சொட்டு. பசை பூசிய காகிதத்தில் அதன் விளிம்பு சிக்கிக்கொண்டது. நீலத் துகள்கள் ஓரத்துக்கு நடந்தன. ஒரு சாதாரண பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கோட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக இருக்கும், உள்பக்கம் மெல்லக் கரைந்து வெளிறும். நீங்கள் பிரஷ்ஷால் முயன்றாலும் அவ்வளவு மெல்லிய கோடு வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காபிக் கறையை ஆராய நிதி வேண்டும் என்று நம் ஊரில் ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும்? "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். ஆனால் இங்க்ஜெட் அச்சில் புள்ளி சீராக விழுவது, டிஎன்ஏ சில்லுகளில் பொட்டு வைப்பது என்று எங்கெல்லாம் சொட்டு காய்கிறதோ அங்கெல்லாம் இன்று அந்த 1997 கட்டுரை தேவைப்படுகிறது. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கரும் அர்ஜுன் யோதும் சகாக்களும் இன்னொரு விளையாட்டு செய்தார்கள். உருண்டைத் துகள்களை இழுத்து நீள்வட்டமாக்கிச் சொட்டில் போட்டார்கள். வளையம் வரவில்லை, கறை சீராகக் காய்ந்தது. நீண்ட துகள்கள் நீரின் மேற்பரப்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஓட்டத்தோடு போக மறுத்துவிட்டன. துகளின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும்! இதை முன்கூட்டியே விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியுமா? ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதிலும் பயனை முதலிலேயே எழுதித் தரச் சொன்னால், பயன் ஏற்கெனவே தெரிந்த விஷயங்களைத்தான் ஆராய்வோம்.

சரி, மதுரைக்கு வருவோம். நீர் ஆவியாகும் வேகம், காற்றில் இன்னும் எவ்வளவு நீராவிக்கு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னைக் கடலோரம்போல ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மிச்ச இடம் 20. மே மாத மதுரைபோல ஈரப்பதம் 40 என்றால் மிச்சம் 60. வெப்பநிலை ஒன்றாக இருந்தாலே மூன்று மடங்கு வித்தியாசம். வெயிலும் கூடினால்? 30 டிகிரியிலிருந்து 38-க்குப் போனால் காற்றின் நீராவிக் கொள்ளளவு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏறும். ஆக மொத்தம் தோராயமாக நாலரை மடங்கு. கடற்காற்று நேராக நோட்டின் மேல் அடித்தால் கணக்கு மாறும், உண்மைதான். ஆனால் நிழலில், காற்று மறைந்த இடத்தில் உட்கார்ந்து வரையும்போது இந்தக் கணக்குதான் ஓடும்.

மே மாத மதுரையில் என்ன நடக்கிறது? வானத்தின் இடது ஓரத்தில் போட்ட கோடு, வலது ஓரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. அடுத்த கோடு அதோடு கலக்க முடியாமல் தனியாகக் காய்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விளிம்பு, அதனால்தான் வரிகள். சென்னையில் முழு வானமும் ஒரே சொட்டாக நெடுநேரம் நின்றது. துகள்களுக்கு நடக்க நேரம் கிடைத்தது. அதனால் ஒரே ஒரு விளிம்பு, ஆனால் பலமான விளிம்பு.

காலிஃபிளவர் விஷயமும் நேரம் பற்றியதுதான். பளபளப்பு போய், தொட்டால் சில்லென்று இருக்கும் அரை ஈர நிலையில், மேகத்தைச் சரிசெய்யலாம் என்று ஈரப் பிரஷ்ஷை வைத்திருப்பீர்கள். ஈரம் குறைந்த நார்களுக்கு நடுவே உள்ள நுண்புழைகள் புது நீரை இழுக்கும். நீர் எல்லாத் திசையிலும் பரவும்போது, இன்னும் ஒட்டாத துகள்களைத் தள்ளிக்கொண்டு போய், எங்கே சக்தி தீர்கிறதோ அங்கே கொட்டிவிடும். நார்கள் ஒரே சீராக இல்லாததால் அந்த எல்லை பூப்போலக் கிழிந்து தெரியும். மதுரையில் அரை ஈர நிலை கண் சிமிட்டும் நேரம்தான், தப்பு செய்யக்கூட அவகாசம் இல்லை.

இன்னொரு அழகும் ஈரக்காற்றில்தான் வரும். அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் பெரியவை, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகும். தாலோ நீலத்தின் துகள்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அமிழும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பிளஸ் ஒன் இயற்பியலில் ஸ்டோக்ஸ் விதி படித்திருப்போம். அடர்த்தி ஒன்றென்றால், பத்து மடங்கு பெரிய துகள் நூறு மடங்கு வேகமாக அமிழும். நெடுநேரம் ஈரமாக நிற்கும் சொரசொரப்பான தாளில் அல்ட்ராமரைன் பள்ளங்களில் போய் உட்கார்ந்து, மேடுகளை வெளிறலாக விட்டுவிடும். பழைய சுவர், மழை மேகம், தார் ரோடு எல்லாவற்றுக்கும் இது தானாகவே அமையும். தாலோ நீலம் வைத்து என்ன செய்தாலும் இது வராது.

சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' குழுவினருக்கு ஒரு கொள்கை உண்டு: இடத்தில் இருந்து, நேரில் பார்த்து வரைய வேண்டும். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. எனக்கு இயற்பியல் காரணமே போதுமானதாகத் தெரிகிறது. வீட்டில் போட்டோவைப் பார்த்து வரைந்த மெரினாவில் உங்கள் ஏசி அறையின் ஈரப்பதம்தான் இருக்கும். பக்கத்தின் மூலையில் தேதியோடு அன்றைய ஈரப்பதத்தையும் போனில் பார்த்து எழுதிவையுங்கள். கொஞ்ச நாளில் விளிம்பைப் பார்த்தே ஊரையும் மாதத்தையும் ஓரளவு ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

"எனக்கு வரைய வராது, நான் இடது மூளை ஆள், கணக்குதான் வரும், கலை வலது மூளைக்காரர்களுக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராசிபலனை நம்ப வெட்கப்படுகிறவர்கள்கூட இதை மட்டும் அறிவியல் என்று நம்புகிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று மனிதர்கள் பிரிவதற்கு ஆதாரம் இல்லை. அழகாக வரைய வேண்டும் என்றும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-இல் நடந்த சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கொடுத்த நேரம் சொல்லுக்கு 40 விநாடி. நான்கே விநாடி கொடுத்தபோதும் பலன் இருந்தது. படம் நன்றாக இருந்ததா என்பது பெரிதாகப் பாதிக்கவில்லை.

கடைசியாக, வாசகி கேட்காத ஒன்று. ஈரக்காற்று ஓவியத்துக்குச் செய்யும் உதவிக்கு ஈடாக, நோட்டை அரிக்கவும் செய்யும். ஜெலட்டினும் பிசினும் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த தாளில் பசை அங்கங்கே கெட்டுப்போகும். அது வெறுமனே பார்த்தால் தெரியாது. கலர் பூசியதும் அந்த இடங்கள் மட்டும் ஒற்றுத்தாள்போல உறிஞ்சி, கரும்புள்ளிகளாக எழும். அதற்கு மருந்து இல்லை. நிறம் மங்குவதிலும் ஈரத்துக்குப் பங்கு உண்டு: ரஸ்ஸலும் ஆப்னியும் 1888-இல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், காற்றும் ஈரமும் நீக்கிய குழாய்க்குள் பெரும்பாலான நிறங்கள் வெளிச்சத்தில்கூட மங்கவில்லை என்று காட்டினார்கள். மூடிய நோட்டுக்குள் வெளிச்சம் போகாது, அந்தக் கவலை பாதி தீர்ந்தது. பக்கம் முழுதாகக் காயாமல் நோட்டை மூடாதீர்கள். புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, இன்னும் ஈரம் இருக்கிறது. மாத்திரை டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல், நோட்டோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள்.