பக்கெட்டை அடுக்கத் தெரிய வேண்டும்

உருகிய உருக்கு 100 டன் இருந்தால், அது பிடிக்கும் இடம் சுமார் 14 கன மீட்டர்தான். ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த 100 டன்னைப் பெற ஏறக்குறைய 110 டன் பழைய இரும்பு வேண்டும். காயலான் கடைகளிலிருந்து வந்து சேரும் கார் கூடுகள், கம்பிகள், குழாய்கள், தகரங்கள் எல்லாவற்றையும் குவித்தால் ஒரு கன மீட்டருக்கு 0.7 டன் தேறினாலே நல்லது. அப்படியானால் 157 கன மீட்டர் குவியல். உருகினால் 14 ஆகப்போவதை 157 ஆக உள்ளே தள்ள வேண்டும். பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்கு இரும்பு ஊட்டும் சாதனங்களில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தவைதான்.

மின்வில் உலை ஒரு பெரிய அண்டா மாதிரி. மேலே மூடி. மூடியின் மூன்று துளைகள் வழியாக மூன்று கிராஃபைட் தண்டுகள் இறங்கும். தண்டுகளின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே மின்னல் போலத் தாவிப் பாயும் மின்வில்தான் உருக்கும் வேலையைச் செய்கிறது. இரும்பு போட வேண்டுமென்றால் தண்டுகளை மேலே தூக்கி, மூடியையும் தூக்கி, ஒதுக்கித் திருப்ப வேண்டும். அப்புறம் கிரேன் ஒரு ராட்சத பக்கெட்டைக் கொண்டுவந்து உலை வாய்க்கு நேரே நிறுத்தும். அந்த பக்கெட்டின் அடிப்பாகம் சிப்பி போல இரண்டாகப் பிளப்பது. கிரேனின் இரண்டாவது கொக்கி இழுத்ததும் அடி திறந்து, பல பத்து டன் இரும்பு ஒரே மூச்சில் உள்ளே விழும். உலைக்குள் முந்தைய உருக்கில் கொஞ்சத்தை எப்போதும் மிச்சம் வைத்திருப்பார்கள். அதன்மேல் விழும்போது தீயும் புகையும் கூரை வரை எழும்.

பார்ப்பதற்கு முரட்டு வேலை. ஆனால் அந்த பக்கெட்டை நிரப்புவதில் இருக்கும் நுணுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய இரும்பைக் குவித்து வைத்திருக்கும் ஸ்கிராப் யார்டில் காந்த கிரேனை ஓட்டுபவர் எதை முதலில் போடுகிறார், எதைக் கடைசியில் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஒரு மணி நேரம் உலை நடந்துகொள்ளும்.

அடியில் லேசான துண்டு இரும்பு. பக்கெட் திறக்கும்போது இதுதான் முதலில் விழுந்து மெத்தை போல் கிடக்கும். பின்னால் வரும் கனத்த கட்டிகள் உலையின் அடித்தளச் செங்கலை நொறுக்காது. கனமானவை அதற்கு மேலே. பக்கவாட்டுச் சுவரின் குளிர்ந்த மூலைகளில் அவை ஒதுங்கிவிடக் கூடாது, ஒதுங்கினால் கடைசி வரை உருகாமல் கிடக்கும். உச்சியில் மறுபடியும் லேசான இரும்பு. மின்வில் அதைச் சட்டென்று துளைத்துக் கீழே இறங்கிவிடும். சுற்றி நிற்கும் இரும்பே அப்போது மூடியையும் சுவரையும் வில்லின் வெப்பத்திலிருந்து மறைத்துக் காக்கும். உச்சியில் கனமான கட்டி இருந்துவிட்டால் வில் மேலேயே நின்று மூடியைச் சுடும். கீழே உள்ளது கரைந்த பிறகு அந்தக் கட்டி சரிந்து விழுந்தால் கிராஃபைட் தண்டு முறியும்.

தண்டு முறிய இன்னொரு வழியும் உண்டு. தண்டை இறக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, மின்சாரம் பாயத் தொடங்கியதும் இரும்பைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டோம் என்று உணர்ந்து நிறுத்தும். தண்டுக்கு நேர் கீழே கான்கிரீட் கட்டியோ மரமோ சுண்ணாம்புக் குவியலோ இருந்தால் மின்சாரம் பாயாது. கருவி தண்டை இன்னும் கீழே, இன்னும் கீழே என்று அழுத்தும். கிராஃபைட் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் இப்படி அழுத்தினால் முறிந்துவிடும்.

குவியலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது இதைவிடப் பெரிய கவலை. மூடிய சிலிண்டர், வண்டியின் ஷாக் அப்சார்பர், மழைநீர் தேங்கிய குழாய் எதுவும் உருகிய உருக்குக்குள் போகக் கூடாது. நீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், அது வெடிப்பு. கண்ணுக்கே தெரியாத ஆபத்தும் இருக்கிறது. 1998-இல் ஸ்பெயினின் லாஸ் பாரியோஸில் இருக்கும் அசெரினாக்ஸ் ஆலையில், ஸ்கிராப்போடு கலந்து வந்த சீசியம்-137 கதிரியக்கப் பொருள் உலையில் உருகிப் புகையோடு வெளியேறியது. அதன் தடம் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி வரை காற்றில் பதிவானது. ஸ்கிராப் லாரிகள் நுழையும் வாயிலில் கதிரியக்க உணரிகள் வைப்பது இப்படிப்பட்ட ஆபத்துகளால்தான்.

சரி, அடுக்கத் தெரிந்தாலும் மூடியைத் திறந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டன்னுக்கு 10 முதல் 20 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போய்விடுகிறது. உலையும் வேலையின்றி நிற்கிறது. மூடியைத் திறக்காமலே ஊட்டினால் என்ன என்று யோசித்ததன் விளைவுதான் கான்ஸ்டீல் என்ற முறை. 1989-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஷார்லட் நகரில் வணிக அளவில் ஓடத் தொடங்கியது.

இதில் பக்கெட் கிடையாது. நீளமான எஃகுத் தொட்டி ஒன்று ஸ்கிராப்பைச் சுமந்துகொண்டு உலையின் பக்கவாட்டுத் துளை வரை போகும். சக்கரமோ பெல்ட்டோ இல்லாமல் இரும்பு எப்படி நகர்கிறது? பாயில் காயவைத்த நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பாயை மெல்ல இழுத்தால் நெல்லும் கூடவே வரும். வெடுக்கென்று இழுத்தால் பாய் மட்டும் நழுவும், நெல் இருந்த இடத்திலேயே நிற்கும். தொட்டி மெதுவாக முன்னே போய், வெடுக்கென்று பின்னே வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்கிராப் கொஞ்சம் முன்னேறும். உலையிலிருந்து வரும் சூடான புகை எதிர்த்திசையில் இரும்பின் மேலேயே வெளியேறுவதால், போகும் வழியிலேயே அது சூடேறிவிடும்.

உள்ளே நடப்பதும் தலைகீழாக மாறிவிடுகிறது. வில் இரும்பைத் தொடுவதே இல்லை. அது உருக்குக் குளத்தைச் சூடாக்குகிறது. குளம் உள்ளே விழும் இரும்பை, வெந்நீர் வெல்லத்தைக் கரைப்பது போலக் கரைக்கிறது. இரும்பு சரிந்து தண்டை முறிக்கும் பயம் பெரிதும் குறைகிறது. காதைப் பிளக்கும் வில்லின் சத்தமும் குறைகிறது.

இந்தியாவுக்கு இன்னொரு வழி அதிகம் பொருந்தும். இரும்புத் தாதுவை உருக்காமலே அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கிச் செய்யும் ஸ்பாஞ்ச் இரும்பின் உற்பத்தியில் உலகில் முதலிடம் நமக்குத்தான். இது கோலிக்குண்டு அளவு உருண்டைகளாக இருப்பதால் தானியம் போலக் கொட்டலாம். கன்வேயர் மேலே கொண்டுபோய்த் தொட்டிகளில் நிரப்பும். எடை பார்த்து ஊட்டும் கருவி அளந்து விட, மூடியில் தனியாக உள்ள துளை வழியாக மூன்று தண்டுகளுக்கு நடுவே விழும். ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் நிமிடத்துக்கு சுமார் 30 கிலோ என்பது பழகிய கணக்கு. 60 மெகாவாட் உலைக்கு நிமிடத்துக்கு 1.8 டன். உருண்டையின் அடர்த்தி, உருக்கின் மேல் மிதக்கும் கழிவான கசடைவிட அதிகம், உருகிய உருக்கைவிடக் குறைவு. அதனால் இரண்டுக்கும் நடுவே மிதந்து நின்று கரையும். அவசரப்பட்டு அதிகமாகக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பனிப்பாறை மாதிரி மிதக்கும். அது திடீரென்று கரையும்போது கார்பன் மோனாக்சைடு ஒரேயடியாகக் கிளம்பி, பால் பொங்குவது போல உலை பொங்கும்.

இந்த உருண்டைகளை ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்குவது வீண். குஜராத்தின் ஹசீராவில், வெந்துகொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் இரும்பை வெப்பம் கசியாத மூடிய கலன்களில் நிரப்பி, அப்படியே உலைக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். 600 டிகிரி வெப்பத்தோடு அது உள்ளே போனால் டன்னுக்கு 100 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாகும்.