தீம் என்றால் கருப்பொருளா, கோலமா?

நிரல் எழுதும் எடிட்டரில் திரையின் நிறத் தோற்றத்தைக் குறிக்கும் 'தீம்' என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் பலருக்கும் கை போவது 'கருப்பொருள்' மீதுதான். அகராதிப்படி தவறில்லை. ஆனால் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து ஓடும் திரையைக் காட்டி "இதுதான் என் கருப்பொருள்" என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ கதை எழுதியிருக்கிறோம் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

மூலம் கிரேக்கத் 'தேமா'. (யாப்பில் வரும் தேமா இல்லை!) 'வைத்தல்' என்னும் வினையில் பிறந்தது: முன்வைத்தது, அதாவது பேச எடுத்துக்கொண்ட பொருள். கட்டுரைக்கும் கதைக்கும் கருப்பொருள் சரி. தொல்காப்பிய மரபிலோ கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை என ஒரு நிலத்துக்கு உரியவை. எப்படிப் பார்த்தாலும் நிறம் அதில் இல்லை.

விம் எடிட்டர் இதைத் தீம் என்பதில்லை, கலர்ஸ்கீம் என்கிறது. உடனே 'வண்ணத்திட்டம்' என்று எழுதிவிடுகிறோம். திட்டம் என்பது அரசு அறிவிப்பது, ஆண்டுக் கணக்கில் தீட்டுவது. ஸ்கீமுக்கு மூலமான 'ஸ்கேமா'வின் பழைய பொருள் வடிவம், தோற்றம். திட்டம் என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது. தோற்றத்தையும் ஒப்பனையையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் கோலம் இருக்கிறதே. மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் எதுவானாலும் ஆள் அதே ஆள்தான். நிரலும் அப்படியே, ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. அதனால் என் தேர்வு வண்ணக்கோலம். பொடி தூவிப் போடும் கோலம் நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும்.

இன்னொரு வசதி, வினைகளும் கூடவே வருகின்றன. கோலத்தைப் பூணலாம், கலைக்கலாம். விம்மின் கோலக் கோப்பு வழக்கமாகப் பழைய நிறங்களைக் கலைத்துவிட்டுத்தான் தொடங்கும். ஈமேக்ஸ் என்னும் இன்னொரு எடிட்டரில் புதிய தீம் ஒன்றை ஏற்றினால் பழையது தானாகக் கலையாது, அதன்மேல் இது ஏறி நிற்கும். இரண்டு கோலம் கலந்து திரை அலங்கோலமாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழையதை முதலில் முடக்க வேண்டும்.

சொந்தமாகக் கோலம் எழுதிப் பராமரிப்பவர்கள் நிற எண்களை அங்கங்கே தெளிக்காமல், மேலே ஓரிடத்தில் பெயரிட்டு வைத்துக்கொள்வது நல்லது. கீழே நிரலில் வரும் குறிப்புக்கு இது, சரத்துக்கு (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) இது, பிழைக்கு இது என்று அந்தப் பெயர்களைக் கொடுத்தால் போதும். 2011இல் வந்த 'சோலரைஸ்டு' என்னும் தீம் இதற்கு நல்ல பாடம்: மொத்தமே 16 நிறங்கள், அவற்றை வைத்தே வெளிர், இருள் என இரண்டு கோலங்கள். விம்மில் கோப்பின் பெயரும் உள்ளே எழுதும் கோலத்தின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வெளிரிலிருந்து இருளுக்கு மாறும்போது அந்தப் பெயரை வைத்துத்தான் அது கோப்பைத் தேடும்.

விம்மோடு வரும் கோலங்களே பல காலம் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டவைதான். 2022இல் வெளியான 9.0 பதிப்புக்காக அவற்றை ஒழுங்குபடுத்தித் திருத்தினார்கள். பழையவையே வேண்டும் என்பவர்களுக்கு அவை தனிக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன.