மைனஸ் 9 என்றால் பிள்ளை மோசமா?

ரொறொன்ரோவில் சிறுவர்களுக்கு ஐஸ் ஹொக்கி பழக்குகிறேன். சென்ற மாதம் ஆட்டம் முடிந்ததும் ஒரு தகப்பன் என்னை மறித்தார். "கோச், என்ர மகன் மைனஸ் 9இல நிக்கிறான். டிஃபென்ஸ் அவனுக்குச் சரிவராதெண்டால் சொல்லுங்கோ." பக்கத்தில் பையோடு நின்ற பெடியன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எனக்கு மனம் தாங்கவில்லை.

பிளஸ்-மைனஸ் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கோல் அடித்த அணியில் அந்த நொடி ஐஸில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் +1, வாங்கிய அணியில் நிற்பவர்களுக்கு −1. கோலைக் காக்கும் கோலிக்கு இந்தக் கணக்கு இல்லை. பவர் பிளேயில், அதாவது எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது, ஆள் கூடிய அணி அடித்த கோல் சேராது. ஆள் குறைந்த அணி அடித்தால் சேரும். பக்கை (ஆடும் வட்டத்தட்டை) தொட்டாரா, தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. ஆள் மாறும்போது அப்போதுதான் பெஞ்சிலிருந்து குதித்த பிள்ளைக்கும் மைனஸ்தான்.

வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் 1974-75இல் பில் மிக்கல்சன் −82 எடுத்தார். அவர் ஆடிய வாஷிங்டன் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்த அணி. 80 ஆட்டங்களில் 8தான் வென்றது. அந்த 82இல் அவர் பங்கு எவ்வளவு, அணியின் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்?

கோலையும் அசிஸ்டையும் (கோலுக்கு முன் பக்கைக் கொடுத்து உதவியதை) கூட்டும் புள்ளிக் கணக்கும் டிஃபென்ஸ் பிள்ளைகளுக்குக் கைகொடுக்காது. ஒரு கோலுக்கு அதிகபட்சம் 2 அசிஸ்ட். தன் எல்லையிலிருந்து பக்கை நிதானமாக வெளியே எடுத்துக் கொடுத்தவன் மூன்றாவது ஆளாகப் போனால் தாளில் அவன் பெயரே இராது.

அதனால் நான் கோர்சியும் எண்ணுகிறேன். பஃபலோ அணியின் கோலி பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயரில் வந்த கணக்கு அது. பிள்ளை ஐஸில் நிற்கும்போது இரு அணிகளும் அடித்ததை ஒப்பிடுவது. வலைக்குப் போன அடி, விலகிய அடி, தடுக்கப்பட்ட அடி எல்லாம் சேரும். கோல் அபூர்வம், அடிகள் நிறைய. எனவே அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. ஆனால் பின்தங்கிய அணி கூடுதலாக அடிக்கும், அதையும் மனதில் வைக்கவேண்டும்.

அந்தப் பெடியன் ஐஸில் நிற்கும்போது அடிகள் ஏறக்குறைய சமம். அதுவும் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரான முதல் வரிசைக்கு எதிராக, எங்கள் கோலுக்குப் பக்கத்து ஃபேஸ்-ஆஃபுகளில் (பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது). நம்பித்தான் அவனை அங்கே இறக்குகிறேன். தகப்பனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: எண்ணைப் பார்த்தால், பிள்ளை யாருக்கு எதிராக, எந்த இடத்தில் ஆடுகிறான் என்று முதலில் கோச்சிடம் கேளுங்கள். அப்புறம் பிள்ளையோடு பேசுங்கள்.