ஏபிஎஸ்: எதிர்ப்பூட்டா, விட்டுப்பிடியா?

ஏபிஎஸ், அதாவது பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் 'ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்', தமிழில் 'எதிர்ப்பூட்டு நிறுத்த அமைப்பு' ஆகியிருக்கிறது. இந்தத் தொடர் இந்த ஆண்டில் மூன்றாம் முறையாக என் காதில் விழுந்துவிட்டது. முதல் முறை ஒரு கார் விளம்பரத் தாளில் பார்த்தேன். அடுத்தது ஒரு காணொளி. வாசித்தவருக்கே மூச்சு வாங்கியது. மூன்றாவது, மதுரையிலிருந்து கொடைக்கானல் போன வாடகை வண்டியில். ஓட்டுநர் அந்தக் காரை வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, தமிழில் அச்சிட்ட சின்னக் கையேடு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்க எழுதுறவருதானே? இந்த எதிர்ப்பூட்டுன்னா சென்ட்ரல் லாக்கா, இல்ல வண்டி திருடு போகாம இருக்கப் போடுற அலாரமா?"

இதே மனிதர்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால், நிலக்கோட்டை தாண்டி ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தபோது, பிரேக்கை அடியோடு மிதித்து, மிதித்த காலை எடுக்காமலே ஸ்டியரிங்கை ஒடித்து, அதை உரசாமல் தாண்டி வந்தவர். ஏபிஎஸ் என்றால் என்ன என்று எனக்கு வகுப்பு எடுக்கக்கூடியவர். எதிர்ப்பூட்டைத்தான் அவருக்குத் தெரியவில்லை.

முதலில் மூன்றெழுத்தின் கதை. விமானச் சக்கரம் தரையில் தேயாமல் நிற்க 1950களிலேயே டன்லப் நிறுவனம் மாக்ஸரெட் என்ற கருவியைச் செய்தது. அதைப் பூட்டிய ஜென்சன் எஃப்எஃப் கார் 1966இல் வந்தது. இன்று நாம் ஓட்டும் மின்னணு ஏபிஎஸ், பாஷ் நிறுவனம் செய்து 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. ஏபிஎஸ் என்பது ஜெர்மன் சொல்லின் சுருக்கம்: ஆன்டிபிளாக்கீர்சிஸ்டம். பிளாக்கீரன் என்றால் அடைத்துக்கொள்ளுதல், அசையாமல் சிக்கிக்கொள்ளுதல். ஜெர்மனில் நடு எழுத்து 'பிளாக்'. ஆங்கிலத்தில் விரித்தபோது அதே எழுத்து 'பிரேக்கிங்' ஆனது, முன்னால் 'லாக்' வந்து உட்கார்ந்தது. மூலச் சொல்லில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. (மேலே 'மாக்ஸரெட்டைப் பூட்டிய கார்' என்று நானே எழுதியிருக்கிறேன். கவனித்தீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.)

பூண் என்பதன் பிறவினை பூட்டு. உண் - ஊட்டு, காண் - காட்டு, பூண் - பூட்டு. பூணச் செய்வது, சேர்த்துப் பொருத்துவது. நகை பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், கையில் விலங்கு பூட்டுகிறோம். இலக்கணத்தில் பூட்டுவிற் பொருள்கோள் என்று ஒன்று உண்டு. பாட்டின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் நாண் பூட்டியதுபோல் இணைத்துப் பொருள் கொள்வது. கதவில் தொங்கும் பூட்டு இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

அதிலும் வண்டி என்று வந்துவிட்டால் பூட்டுக்கு ஒரே பொருள்தான். "வண்டியைப் பூட்டுடா" என்று பெரியவர் குரல் கொடுத்தால், மாட்டை நுகத்தில் கட்டு, கிளம்பலாம் என்று அர்த்தம். சித்திரையில் பொன்னேர் பூட்டுவது ஆண்டின் முதல் உழவைத் தொடங்குவது. தமிழில் வண்டியைப் பூட்டினால் வண்டி ஓடும். நம் மொழிபெயர்ப்பாளர் பூட்டினால் வண்டி நின்றுவிடும். எதிர்ப்பூட்டு என்றதும் எனக்குக் கண்ணில் தெரிவது, இரண்டு மாடும் வண்டிக்காரன் முகத்தைப் பார்த்தபடி திருப்பிக் கட்டப்பட்டு நிற்கும் காட்சி.

'எதிர்' மட்டும் சும்மாவா? எதிர்வீடு, எதிர்க்கரை, எதிர்க்கட்சி. பெயருக்கு முன்னால் எதிர் வந்தால் அது எதிரே இருக்கும் இன்னொன்று. எதிர்வீடு வீட்டைத் தடுப்பதில்லை. தடுக்கும் பொருள் வேண்டுமென்றால் நோய் எதிர்ப்பு சக்தி என்பதுபோல் பின்னால் வர வேண்டும். இதை ஒருவரிடம் சொன்னேன். "அப்படியானால் பூட்டு எதிர்ப்பு நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம்" என்றார். ஐயா, அதைக் கேட்டால் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்றல்லவா தோன்றுகிறது! நிறுத்தம் என்றால் பேருந்து நிற்கும் இடம். பிரேக்கை நிறுத்தம் என்று எந்த ஓட்டுநரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வண்டிக்குள் நடப்பதைப் பார்த்தால் சொல் தானே வரும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு பல்வளையமும், அது சுற்றும் வேகத்தை எண்ணும் சென்சாரும் இருக்கின்றன. பலமாக மிதிக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் குறைந்து நிற்கப்போனால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு ஒரு கணம் தளர்த்தும். சக்கரம் மறுபடி உருளும். மறுபடி அழுத்தும். நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி. உருளும் சக்கரம்தான் ஸ்டியரிங்குக்குக் கீழ்ப்படியும். நின்றுபோன சக்கரம் செருப்பு வழுக்கியதுபோல் நேரே இழுத்துக்கொண்டு போகும். ஆட்டுக்குட்டி பிழைத்தது இதனால்தான்.

இது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடக்கும். "மொத தடவ உதறினப்போ பிரேக் போச்சுன்னு நெனச்சுக் காலையே எடுத்துட்டேன் சார்" என்றார் அவர். பலர் செய்யும் தவறு அது. டிரைவிங் மாஸ்டர்கள் முன்பெல்லாம் "ஈரத்தில ஒரே மிதியா மிதிக்காத, விட்டு விட்டு மிதி" என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் காலில் ஊறிப்போயிருக்கிறது. இப்போது அந்த வேலையைக் கருவி செய்கிறது. நாம் மிதித்த காலை எடுக்கவே கூடாது. நாற்பது வருடம் லாரி ஓட்டிய என் பெரியப்பாவுக்கு இது கடைசி வரை பிடிக்கவில்லை. "என் காலுக்கு மேல இன்னொருத்தன் கால் வைக்கிறான்" என்பார். சரளை ரோட்டில் ஏபிஎஸ் வண்டி கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கிறது என்றும் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது. சரளையில் நின்றுபோன சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்து முட்டுக்கொடுத்துக்கொள்ளும். உருளும் சக்கரத்துக்கு அந்த முட்டு கிடைக்காது.

தமிழார்வலர் வட்டத்தில் இன்னொரு சொல் ஓடுகிறது: 'சறுக்காத் தடை'. ஒப்புக்கொள்கிறேன், இது தமிழாய்ந்தவர் செய்த சொல். செல்லாக்காசு, தீராக்கடன் வரிசையில் அழகாக உட்காருகிறது, வல்லினமும் முறைப்படி மிகுந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. இலக்கணம் சரி, வாக்குறுதிதான் பொய். ஏபிஎஸ் வண்டி சறுக்காது என்று யார் சொன்னது? மணலில் சறுக்கும், எண்ணெய் சிந்திய தாரில் சறுக்கும், வளைவில் வேகமாகப் போனால் பக்கவாட்டில் சறுக்கவே சறுக்கும். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளில் ஒரு பாதிக்கு ஏபிஎஸ் வைத்தும் மறுபாதிக்கு வைக்காமலும் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். விபத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் வளைவுகளில் இன்னும் வெடுக்கென்று திரும்பினார்கள். கருவி கொடுத்ததைக் கால் எடுத்துக்கொண்டது. மூன்றெழுத்தைக் கேட்டே இப்படி என்றால், பெயரிலேயே 'சறுக்காது' என்று எழுதி ஒட்டிய வண்டியை நம் பிள்ளைகள் எப்படி ஓட்டுவார்கள்? 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். அதிலும் பல பைக்குகளில் இருப்பது சிங்கிள் சேனல், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் தாராளமாகச் சறுக்கும்.

'இறுகாத் தடை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பிடிக்காத பிரேக்குக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

நான் தேடிய சொல் டீக்கடையில்தான் கிடைத்தது. கையேட்டை மூடிவிட்டு, ஏபிஎஸ் என்ன செய்கிறது, உங்கள் பேச்சில் சொல்லுங்கள் என்றேன். உள்ளங்கையை மூடித் திறந்து மூடிக் காட்டினார். "புடிச்சே இருந்தா வீல் லாக் ஆயிரும். அதனால அதுவே விட்டு விட்டுப் புடிக்குது."

விட்டுப்பிடி. அடங்காத பிள்ளையையும் முரண்டு பிடிக்கும் மாட்டையும் வழிக்குக் கொண்டுவர நம் வீடுகளில் வழங்குகிற சொல். முழுக்க இறுக்கினால் முறியும், முழுக்க விட்டால் ஓடிவிடும். அதனால் விட்டுப் பிடி. பிரேக்கைப் பொறுத்தவரை 'பிடி' நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: பிரேக் பிடிக்குது, பிரேக் பிடிக்கல. 'விட்டுப்பிடி பிரேக்' என்றால் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. பெடல் ஏன் தடதடக்கிறது என்பதும் பெயரிலேயே இருக்கிறது. தடதடத்ததும் காலை எடுக்க மாட்டார்கள். பிரேக் என்பது ஆங்கிலமாயிற்றே என்பவர்கள் 'விட்டுப்பிடி தடை' என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வழக்கு இல்லை. என் தனித்தமிழ்ப் பற்று அவ்வளவு முற்றவில்லை.

எரிச்சல் ஒரு சொல்லோடு தீர்ந்தால் பரவாயில்லை. அதே கையேட்டில் அடுத்த பக்கம்: 'பாதை புறப்பாடு எச்சரிக்கை'. சாலையில் போட்ட கோட்டைத் தாண்டி வண்டி விலகினால் கத்தும் 'லேன் டிபார்ச்சர்' கருவிக்கு இந்தப் பெயர்! புறப்பாடு என்றால் எங்கள் ஊரில் சாமி புறப்பாடு. மேளமும் தீவட்டியும் முன்னால் போகும். 'பிளைண்ட் ஸ்பாட்'டுக்கு 'குருட்டுப் புள்ளி' என்று இன்னொன்று. கண்ணாடியில் தெரியாமல் ஒரு பைக்கே மறைந்து வரக்கூடிய அகலமான இடம் எப்படிப் புள்ளியாகும்? மறைவிடம் என்றால் முடிந்தது. இவற்றை எழுதுகிறவர்கள் ஒரு நாள் முன்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அகராதியில் இடது பக்கம் பார்த்து வலது பக்கம் எடுத்து வைக்கிறார்கள், அதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு.

அந்தப் 'புறப்பாட்டு'க்கு 'கோடு விலகல்' என்று எழுதினால் போதும் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் அதை எப்போதோ அணைத்து வைத்துவிட்டாராம்.

"மேல ஏற ஏறப் பனி சார். எனக்கே கோடு தெரியல, அதுக்கு எங்க தெரியப்போகுது?"