கிருமிக்கு எப்படிக் கணக்கு வைப்பது?

1995ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒருவர் பிளேக் கிருமியைப் பார்சலில் வரவழைத்தார். கள்ளச் சந்தையில் அல்ல. ஆராய்ச்சிக்காக நுண்ணுயிர்களைச் சேமித்து விற்கும் மேரிலாந்து நிறுவனத்துக்கு, ஆய்வகப் பெயர் அச்சிட்ட தாளில் ஆர்டர் எழுதி, சுமார் 240 டாலருக்கு மூன்று குப்பிகள் வாங்கினார். பார்சல் இன்னும் வரவில்லையே என்று அவரே போன் போட்டு நச்சரித்ததில்தான் நிறுவனத்துக்குச் சந்தேகம் தட்டியது. போலீஸ் போய்ப் பார்த்தபோது குப்பிகள் பிரிக்கப்படாமல் அவருடைய காருக்குள் கிடந்தன.

என்ன வழக்குப் போடுவது என்பதுதான் சிக்கல். பிளேக் கிருமியைக் கையில் வைத்திருப்பது அன்றைக்கு அமெரிக்காவில் குற்றமே இல்லை. கடைசியில், பொய் சொல்லிப் பொருள் வாங்கினார் என்ற மோசடிப் பிரிவில்தான் அவர் தண்டிக்கப்பட்டார்.

அடுத்த வருடம் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1997 ஏப்ரலில் விதிகள் அமலுக்கு வந்தன. ஆனால் அவை பார்த்தது கைமாறுவதை மட்டும்தான். கிருமியை அனுப்பினாலோ வாங்கினாலோ பதிவு வேண்டும். ஏற்கெனவே ஃப்ரீசரில் வைத்திருப்பவரைக் கேட்பார் இல்லை. அந்த ஓட்டை 2001இல் வெளியே தெரிந்தது. ஆந்த்ராக்ஸ் தூள் அடைத்த கடிதங்கள் செய்தி நிறுவனங்களுக்கும் செனட்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 22 பேர் நோயுற்றார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். ஆந்த்ராக்ஸ் என்பது நம் ஊர் மாட்டு வைத்தியர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய்தான். கடிதங்களில் இருந்தது ‘ஏம்ஸ்’ என்ற ஆய்வக வகை. இந்த வகையை நாட்டில் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அரசிடம் இல்லை. 2002 ஜூனில் வந்த புதிய சட்டம், வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் பதிவுக்குள் கொண்டுவந்தது.

இன்றைக்கு, பதிவு தேவைப்படும் கிருமிகள், நச்சுகளின் பட்டியலில் 60 சொச்சம் பெயர்கள் உள்ளன. மனித நோய்களை சிடிசி என்னும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும், கால்நடை, பயிர் நோய்களை வேளாண் துறையும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் தாக்கும் கிருமிகளுக்கு இருவரும் பொறுப்பு. அதிகம் பேரைக் கொல்லும் கிருமிகளின் பட்டியல் இது என்று நினைத்துவிடக் கூடாது. வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கொல்லும் காசநோய்க் கிருமி இதில் இல்லை. கிருமி வேண்டுமென்றே பரப்பப்பட்டால் என்ன ஆகும், எவ்வளவு எளிதாகத் தொற்றும், மருந்தோ தடுப்பூசியோ இருக்கிறதா என்பவைதான் அளவுகோல்கள். அதனால் கோமாரி நோயின் வைரஸ், எபோலாவும் பெரியம்மையும் உள்ள, மிக ஆபத்தானவற்றுக்கான முதல் அடுக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் மாட்டுத் தொழுவங்களுக்குப் பழகிப்போன கோமாரி, அமெரிக்காவில் 1929க்குப் பிறகு தலைகாட்டவில்லை. ஒரு முறை உள்ளே நுழைந்தாலும் இறைச்சி ஏற்றுமதி நின்றுபோகும்.

நச்சுகளுக்குக் கணக்கு வைப்பது எளிது. அவை வளர்வதில்லை, எடை போடலாம். ஓர் ஆய்வாளரின் கையில், ஒரு பாக்டீரியா சுரக்கும் போட்டுலினம் நச்சு ஒரு மில்லிகிராம் வரை இருந்தால் பதிவு தேவையில்லை, அதைத் தாண்டினால் தேவை. பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சினுக்கு வரம்பு 500 மில்லிகிராம். ஆமணக்கு விதையில் உள்ள ரைசினுக்கும் குன்றிமணியில் உள்ள அப்ரினுக்கும் 1000 மில்லிகிராம். கொல்லையில் ஆமணக்குச் செடி நிற்பதைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. பிரித்தெடுத்த நச்சுதான் கணக்கில் வரும்.

கிருமிக்கு இந்த வசதி கிடையாது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குவதுபோல, கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும், நாளைக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். இருக்கும் குப்பியிலிருந்து ஒரு துளியை எடுத்தாலும் குப்பிகளின் எண்ணிக்கை குறையாது. எனவே கிருமிகளுக்குக் குறைந்தபட்ச வரம்பே இல்லை. ஒன்று இருந்தாலும் பதிவு வேண்டும். குப்பிவாரியாகப் பதிவேடு வைக்கச் சொல்கிறார்கள் என்றாலும், சட்டம் உண்மையில் எண்ணுவது மனிதர்களையும் கதவுகளையும் பயணங்களையும்தான்.

கிருமியைத் தொடப்போகும் ஒவ்வொருவரின் பின்னணியையும் எஃப்பிஐ சோதிக்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெறத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், தலைமறைவானவர், போதைப்பொருள் பயன்படுத்துபவர், பயங்கரவாதத்துக்கு ஆதரவு தருவதாக அமெரிக்கா அறிவித்த நாடுகளின் குடிமக்கள் போன்றோருக்கு அனுமதி இல்லை. அனுமதி மூன்று ஆண்டுகளுக்குத்தான். ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு குப்பி போக வேண்டுமானால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, 30 நாட்களுக்குள் அனுப்பி, வந்து சேர்ந்ததை இரண்டு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நோயாளியின் ரத்தத்தில் தற்செயலாக இப்படி ஒரு கிருமி தென்பட்டால், தகவல் சொல்லிவிட்டு, ஏழு நாட்களுக்குள் அழிக்க வேண்டும் அல்லது பதிவு பெற்ற இடத்துக்குக் கொடுக்க வேண்டும். விதிகள் வெறும் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஊழியருக்குத் தொற்று ஏற்பட்டதைத் தெரிவிக்காத டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2007இல் இந்த ஆராய்ச்சி முழுவதும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

இவ்வளவும் வெளியிலிருந்து வரும் திருடனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நடந்ததோ வேறு. கடித வழக்கின் ஏம்ஸ் கிருமி, ராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியின் பொறுப்பிலிருந்த குடுவையிலிருந்து வந்தது என்று எஃப்பிஐ முடிவுகட்டியது. வழக்கு நீதிமன்றம் போகும் முன்பே அவர் 2008இல் இறந்துவிட்டார். அறிவியல் சான்றுகளை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் குழு 2011இல் கருத்துச் சொன்னது தனிக் கதை. எப்படியானாலும், உள்ளே இருப்பவரைப் பின்னணிச் சோதனை பிடிக்காது என்பது அரசுக்கு உறைத்தது. 2012இல் உருவான முதல் அடுக்குக்குக் கூடுதல் பூட்டுகளோடு, ஊழியர்களின் நடத்தையைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடும் வந்தது.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதைவிட எளிய ஒரு விதிவிலக்கு. செத்த கிருமிக்குச் சட்டம் கிடையாது. நியாயம்தான், பரிசோதனைக் கருவிகளைச் சரிபார்க்கச் செத்த கிருமி நிறையத் தேவைப்படுகிறது. ஆனால் செத்துவிட்டது என்று யார் சொல்வது? ஆந்த்ராக்ஸ் கிருமிக்குப் பாதகமான சூழலில் கெட்டியான உறைக்குள் ஒடுங்கும் வித்து வடிவம் உண்டு. வெயில், வறட்சி, பல ரசாயனங்கள் எதற்கும் அது அசையாது. மண்ணில் பல்லாண்டு கிடந்து மாட்டைப் பிடிக்கும். யூட்டா மாநிலத்தில் உள்ள டக்வே ராணுவ மையம் இந்த வித்துகளைக் கதிர்வீச்சால் கொன்று, சிறு மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்து, எதுவும் முளைக்காவிட்டால் ‘செத்தது’ என்று அனுப்பிவந்தது. கோடிக்கணக்கான வித்துகளில் ஒரு சில பிழைத்திருந்தால், எடுத்த மாதிரியில் அவை இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சில் அடிபட்ட வித்து மெல்லத் தேறி முளைக்கவும் நாளாகும். 2015 மே மாதம் மேரிலாந்தில் ஒரு நிறுவனம் தனக்கு வந்த ‘செத்த’ மாதிரியை வளர்த்துப் பார்த்தது. முளைத்தது. விசாரித்தால், பத்தாண்டுக்கு மேலாகவே உயிருள்ள மாதிரிகள் சாதாரணப் பார்சலாகப் பல மாநிலங்களுக்கும், தென் கொரியாவில் உள்ள அமெரிக்கத் தளத்துக்கும் போயிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அட்லாண்டாவில், சிடிசியின் சொந்த ஆய்வகத்திலேயே சரியாகக் கொல்லாத ஆந்த்ராக்ஸ் கட்டுப்பாடு குறைந்த ஆய்வகங்களுக்குப் போய், பல பத்து ஊழியர்களுக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, இரண்டிலும் யாருக்கும் நோய் வரவில்லை. 2017இல் விதி மாறியது. கொல்லும் முறை வேலை செய்கிறது என்பதை அந்தந்த ஆய்வகமே நிரூபிக்க வேண்டும், உயிர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், கையெழுத்திட்ட சான்றிதழ் மாதிரியோடு போக வேண்டும்.

பதிவேட்டின் இன்னொரு பலவீனம், எழுதியது மட்டும்தான் அதற்குத் தெரியும் என்பது. 2014 ஜூலையில் வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில், ஓர் அரசு ஆய்வகத்தை இடம் மாற்றுவதற்காக ஒரு குளிர் அறையைக் காலி செய்தபோது, 1950களில் வைத்த அட்டைப்பெட்டிக்குள் பெரியம்மை வைரஸ் குப்பிகள் ஆறு கிடைத்தன. உலகத்தில் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டுமே இருக்க வேண்டிய வைரஸ் அது. இரண்டு குப்பிகளில் உயிர் இருந்தது.

கட்டுப்பாட்டுக்கு விலையும் உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2001 அக்டோபரில், கடிதப் பீதி உச்சத்தில் இருந்தபோது, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த ஆந்த்ராக்ஸ் வகைகளை, காவல் காக்கும் தலைவலியே வேண்டாம் என்று அழித்துவிட்டது. கடிதக் கிருமியின் வம்சாவளியை ஒப்பிட அவை உதவியிருக்கலாம் என்று பிறகு பலர் வருந்தினார்கள்.

இப்போது கேள்வி குப்பியைத் தாண்டிப் போய்விட்டது. கனடாவில் ஒரு குழு, கம்பெனியிடம் ஆர்டர் செய்து வாங்கிய டிஎன்ஏ துண்டுகளை ஒட்டி, பெரியம்மைக்கு உறவான குதிரையம்மை வைரஸை உருவாக்கி 2018இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டது. தொற்றும் வைரஸாக மாறக்கூடிய முழு மரபணுத் தொடரையும் அமெரிக்க விதிகள் கட்டுப்படுத்துகின்றன. தனித்தனித் துண்டுகளை அல்ல. டிஎன்ஏ விற்கும் கம்பெனிகள் யார் என்ன கேட்கிறார்கள் என்று சலித்துப் பார்க்க வேண்டும் என 2010இல் அமெரிக்க அரசு சொன்னது. அது வழிகாட்டல்தான், சட்டம் அல்ல.