முதலில் நம் வார்டு

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு அழைப்புகள் குவியும். கல்லூரியில் பேச வேண்டும், ஊர்வலத்தில் நடக்க வேண்டும், சிவப்பு ரிப்பன் குத்திவிட வேண்டும். செவிலியர், ஆய்வக நுட்பநர், மருந்தாளுநர், வழக்கறிஞர் என்று பணியில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழு இது. அழைத்த இடத்துக்கெல்லாம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனாலும் எச்.ஐ.வி. பணியில் சேர விரும்பும் மருத்துவத் துறையினரிடம், நீங்கள் வேலை பார்க்கும் வார்டிலிருந்து தொடங்குங்கள் என்றே ஒரு செவிலியராக நான் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் வெளிப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. அன்று கொடுப்பதற்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் தொற்று இருப்பதைக் கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையால் குறித்துவைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் போகவில்லை.

ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்து, "சிஸ்டர், அந்தக் கட்டிலுக்கு மட்டும் தனி மாப் வைக்கச் சொன்னார்கள். அவருக்கு அப்படி என்ன?" என்று கேட்டார். நோயின் பெயரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்காது. தனி மாப், இரட்டைக் கையுறை, ஷிப்ட் மாறும்போது தாழ்ந்த குரலில் எச்.ஐ.வி.க்கான வார்டு மறைசொல்லான ஒரு "ரெட்ரோ" — பொழுது சாய்வதற்குள் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்வரை செய்தி போய்விடும்.

"எல்லாக் கட்டிலுக்கும் ஒரே முறைதான் அக்கா. யாருடைய ரத்தமாக இருந்தாலும் கையுறை போடுங்கள். ஊசி குத்திவிட்டால் உடனே சொல்லுங்கள்" என்றேன்.

"குத்தினால் எங்களுக்கும் மருந்து கொடுப்பார்களா?"

அறை அமைதியாகிவிட்டது. குப்பைப் பையில் கிடக்கும் ஊசியால் அதிகம் குத்துப்படுகிறவர்கள் அவர்கள்தான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அதுவரை யாருமே சொன்னதில்லை. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் முறை குத்தினால், தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று முறைதான். 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட்டால் அதுவும் பெருமளவு குறைந்துவிடும். கையுறைக்கும் மருந்துக்கும் உத்தரவாதம் தராமல் "பயப்படாதீர்கள்" என்று உபதேசிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நோயாளியை ஒதுக்குவதை நான் எந்த விதத்திலும் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஒதுக்கலில் பாதி, பாதுகாப்பற்ற பணியாளரின் பயத்திலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் நோயாளிகள். சொந்த ஊரில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பக்கத்து மாவட்டத்து ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கும் சத்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சு அடைத்து எடுத்துப்போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். திருமண வீட்டுக்குப் போனால் மாத்திரை சாப்பிட மறைவிடம் தேட வேண்டும். கிடைக்காத நாளில் ஒரு வேளை தவறும். அப்படி அடிக்கடி தவறினால் மருந்தே பலனளிக்காமல் போகும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் அந்தரங்கத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. பணியாளருக்குப் பாதுகாப்பு உபகரணமும் ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் தருவது மருத்துவமனையின் கடமை என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை ஒவ்வொன்றும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும்.

புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதல் வேலையாகச் சில கேள்விகளைக் கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் மருத்துவமனையின் புகார் அலுவலர் யார்? அது நோயாளிகளுக்குத் தெரியுமா? இரவு ஷிப்டில் ஒருவருக்கு ஊசி குத்தினால், அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம்? பதிலோடு வந்த பிறகுதான் பேச்சும் ஊர்வலமும்.